பள்ளி புகும் மழலையும் இல்லத்து நோன்பும்

(மகாவீர் ஜெயந்தி விழா அவையில் குழந்தை நலம் குறித்து நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஆதிபகவனாகிய விருஷப தீர்த்தங்கரர் தம் மகளிருள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்த வரலாறு, ஸ்ரீபுராணம் படிக்கும் இல்லங்களில் சிறுவரும் அறிந்த ஒன்று. ஜினசேனாசாரியர் அருளிய ஆதிபுராணம், இல்லறத்தார் தம் குழந்தைக்குச் செய்யவேண்டிய கிரியைகளை வரிசைப்படுத்தும்போது எழுத்தறிவிக்கும் கிரியையை ஐந்தாம் ஆண்டில் வைக்கிறது. அதற்கு முன்னர் வருவன யாவை? குழந்தையை முதன்முறையாக வெளியே எடுத்துச் செல்லுதல், இருக்கையில் அமர்த்துதல், சோறூட்டுதல், ஆண்டு நிறைவு கொண்டாடுதல், முடி களைதல் என்பன. உடல் வெளிக்காற்றுக்கும் இருக்கைக்கும் சோற்றுக்கும் பழகிய பின்னரே ஏடு கைக்கு வரவேண்டும் என்னும் கருத்து அவ்வரிசையிலேயே அமைந்து கிடக்கிறது.

இக்காலத்தில் அந்த ஐந்தாம் ஆண்டு சுருங்கிவிட்டது. மூன்று வயது நிறைந்ததும் பிரீ-கே.ஜி., அடுத்த ஆண்டு எல்.கே.ஜி. எனக் குழந்தை பள்ளி வண்டியில் ஏறிவிடுகிறது. ஏட்டை இரண்டாண்டு முன்னே இழுத்துவிடலாம். உடலை அவ்வாறு இழுக்க இயலாது. பள்ளிச் சேர்க்கைக்காகப் பிறப்புச் சான்றிதழும் ஆதார் அட்டையும் ஒளிப்படமும் தேடித் தேடி எடுக்கும் பெற்றோர், படிவத்தின் அடியில் 'குழந்தையின் உடல்நலம்' என்றிருக்கும் ஒற்றை வரியில் 'நன்று' என எழுதிக் கையொப்பமிட்டு விடுகின்றனர். அந்த ஒற்றை வரியைப் பற்றியதே இவ்வுரை. மகாவீர் ஜெயந்தி வருவது பங்குனி, சித்திரையில். பள்ளி திறப்பது ஜூன் மாதத்தில். இடையில் கிடைக்கும் இரண்டு மாதங்கள் இதற்குப் போதுமானவை.

முதலில் தேடவேண்டியது தடுப்பூசி அட்டை. முதல் ஆண்டில் தாய்மார் எவரும் தவணையைத் தவறவிடுவதில்லை. ஒன்றரை வயது கடந்த பின்னரே மறதி தொடங்குகிறது. அரசின் அட்டவணைப்படி 16 முதல் 24 மாதத்திற்குள் தட்டம்மை-ரூபெல்லா ஊசியின் இரண்டாம் தவணையும், தொண்டை அடைப்பான், கக்குவான், இரணஜன்னி ஆகிய மூன்றையும் தடுக்கும் முத்தடுப்பு ஊசியின் முதல் ஊக்கத் தவணையும் போடப்பட வேண்டும். அடுத்த ஊக்கத் தவணை 5 முதல் 6 வயதில், அதாவது யு.கே.ஜி. படிக்கும் காலத்தில் வருகிறது. நடுவே மூன்றாண்டுக்கு மேல் இடைவெளி இருப்பதால் அட்டை பீரோவின் அடித்தட்டுக்குச் சென்றுவிடுகிறது. வைட்டமின் 'ஏ' சொட்டு மருந்தும் ஒன்பதாம் மாதத்தில் தொடங்கி, பின்னர் ஆறு மாதத்திற்கு ஒருமுறையாக ஐந்து வயது வரை ஒன்பது தவணை உண்டு. அதனை முழுமையாகப் பெற்ற குழந்தைகள் குறைவே. தவணை விட்டுப்போயிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாலே போதும். பொன்னுக்கு வீங்கிக்கும் சின்னம்மைக்கும் உரிய ஊசிகள் அரசு அட்டவணையில் இல்லை. இவ்விரண்டும் வகுப்பறையில் எளிதில் பரவக்கூடியவை ஆதலின் குழந்தை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வது நலம். ஊசிகளை மே மாதத்திலேயே முடித்துவிட்டால், ஊசியால் வரும் காய்ச்சலும் பள்ளியின் முதல் வார அழுகையும் ஒன்றாகச் சேரா.

அடுத்து, கண்ணும் காதும். ஒரு கண்ணின் பார்வை குறைந்திருக்கும் குழந்தை அதனைச் சொல்லாது. அதற்குத் தெரியாது என்பதே காரணம். உலகம் எல்லார்க்கும் அப்படித்தான் தெரிகிறது என்று அது எண்ணிக்கொண்டிருக்கும். வீட்டிலேயே ஓர் எளிய சோதனை செய்து பார்க்கலாம். விளையாட்டுப் போல ஒரு கண்ணை மூடிவிட்டுப் படம் காட்ட வேண்டும்; பின்னர் மற்றக் கண்ணை மூட வேண்டும். எந்தக் கண்ணை மூடும்போது குழந்தை கையைத் தட்டிவிட்டு அழுகிறதோ அந்தக் கண்தான் நன்றாகத் தெரியும் கண். மற்றதை உடனே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பயன்படாத கண்ணை மூளை மெல்லக் கைவிட்டுவிடும் இந்நிலையைச் சோம்பேறிக் கண் என்பர். ஏழு வயதுக்குள் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சீராக்கிவிடலாம், பின்னர் கடினம். பின்னாலிருந்து அழைத்தால் திரும்பாத குழந்தையையும், தொலைக்காட்சியின் ஒலியை மிகுதியாக வைக்கும் குழந்தையையும் 'அடங்காப் பிள்ளை' என முடிவு கட்டுவதற்கு முன் காதைச் சோதிக்க வேண்டும். பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வந்து குழந்தைகளைச் சோதிக்கும் அரசு மருத்துவக் குழுக்கள் உண்டு; குறை கண்டால் மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்புவர். ஆயினும் தனியார் மழலையர் பள்ளியில் சேரும் குழந்தை அக்குழுவின் கண்ணில் படாமலே போகக்கூடும். எனவே அந்தப் பொறுப்பு வீட்டின்மேல் விழுகிறது.

பற்களைப் பொறுத்தவரை, கதிரவன் மறைந்தபின் உண்ணாத இல்லம் ஏற்கெனவே பாதி வேலையைச் செய்து முடித்துவிட்டது. இரவெல்லாம் இனிப்பு வாயில் தங்குவதுதான் பாற்பற்களுக்குப் பெரும்பகை. உணவை நிறுத்திவிட்டுப் படுக்கையில் சர்க்கரை கலந்த பாற்புட்டியை வாயில் வைத்தால் அந்த நன்மை முழுவதும் வீணாகும். புட்டியை மூன்று வயதுக்கு முன்பே நிறுத்துவது, பட்டாணி அளவு பற்பசையுடன் இரவிலும் ஒருமுறை துலக்குவது ஆகிய இரண்டும் போதும்.

இனி, சமண இல்லங்களுக்கே உரிய ஒரு செய்தி. இதனை எந்தப் பள்ளியின் குறிப்பேடும் எழுதாது, எந்த மருத்துவரும் தாமாகக் கேட்கமாட்டார்.

இரவுண்ணாமை தமிழ்ச் சமணரின் அடையாளம். 'இவர்கள் பொழுது சாய்வதற்குள் உண்பவர்கள்' என்று அயலார் சுட்டுமளவுக்கு அது ஊர்தோறும் அறியப்பட்டது. கண்டிப்பாகப் பின்பற்றும் இல்லங்களில் கதிரவன் மறைவதற்கு இரண்டு நாழிகை முன்னரே உண்டு முடிப்பர். மறுநாள் கதிரவன் எழுந்து இரண்டு நாழிகை கழிந்த பின்னரே வாயில் எதையும் இடுவர். இரண்டு நாழிகை என்பது 48 நிமிடம். ஜூன் மாதத்தில் இதனால் இடர் ஒன்றுமில்லை. வடதமிழகத்தில் அப்போது கதிரவன் ஏறக்குறைய 5.45-க்கு எழுந்து 6.35-க்கு மறைகிறது. மார்கழியில் கணக்கு மாறிவிடுகிறது. மாலை 5.45 அளவில் கதிரவன் மறையும். அதற்கு இரண்டு நாழிகை முன்பு என்றால் ஐந்து மணிக்குள் உணவு முடிந்துவிட வேண்டும். காலையில் 6.25 அளவில் கதிரவன் எழும். இரண்டு நாழிகை கழிய 7.13 ஆகிவிடும். இடைவெளி பதினான்கு மணி நேரத்துக்கு மேல். பள்ளி வண்டியோ ஏழரைக்கு வாசலில் நிற்கும்.

அந்தப் பதினேழு நிமிடத்தில் ஒரு வீட்டில் நடப்பதை எண்ணிப் பார்க்கலாம். சீருடை, காலணி, தலைவாரல், அழுகை. இட்லி ஆறவில்லை. 'பத்தரை மணிக்கு இடைவேளை விடுவார்கள், டப்பாவில் வைத்திருக்கிறேன், அங்கே சாப்பிடு' என்று தாய் சொல்லி வண்டியில் ஏற்றிவிடுகிறாள். மாலை ஐந்து மணிக்கு உண்ட குழந்தை மறுநாள் பத்தரைக்கு உண்கிறது. பதினேழரை மணி நேரம்! பெரியவர் ஒருவர் இதனைத் தாங்கிக்கொள்வார். உபவாசமாகக்கூட எண்ணி மகிழ்வார். மூன்றரை வயதுக் குழந்தையின் நிலை வேறு.

குழந்தையின் மூளை அதன் உடலோடு ஒப்பிடுகையில் மிகப் பெரியது. அதற்கு இடையறாது சர்க்கரை வேண்டும். அந்தச் சர்க்கரையைச் சேமித்து வைக்கும் ஈரலோ சிறியது. பெரியவரின் ஈரல் ஓர் இரவையும் அதற்கு மேலும் கடத்தும். சிறு குழந்தையின் சேமிப்பு விடியலுக்கு முன்பே தீர்ந்துவிடக்கூடும். தீர்ந்ததும் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதனால் பிறக்கும் கீட்டோன் என்னும் பொருள் இரத்தத்தில் மிகும்போது குமட்டல், வாந்தி, சோர்வு, விழிக்கவைக்க இயலாத உறக்கம் ஆகியவை தோன்றும். மிக அரிதாக வலிப்பும் வரும். ஒன்றரை வயது முதல் ஐந்து வயது வரை, அதிலும் மெலிந்த குழந்தைகளிடம், மாலை உணவைச் சரியாக உண்ணாத மறுநாளோ காய்ச்சல் கண்ட மறுநாளோ இது நேரக் காணலாம். எல்லாக் குழந்தைகளுக்கும் நேர்வதன்று; பெரும்பாலான குழந்தைகள் அந்த இரவைக் கடந்துவிடுவர். ஆனால் காலையில் வகுப்பில் தூங்கி வழியும் குழந்தை, பத்து மணிக்கு வாந்தி எடுக்கும் குழந்தை, காரணமின்றி எரிந்து விழும் குழந்தை ஆகியோரைப் பற்றி ஆசிரியை முறையிடும்போது, 'நேற்று மாலை எத்தனை மணிக்கு உண்டது?' என்னும் வினாவை முதலில் கேட்கவேண்டும்.

அவ்வாறாயின் இரவுண்ணாமையைக் கைவிடுவதா? வேண்டியதில்லை. விரதம் யாருடையது என்பதைத் தெளிந்தால் போதும். எட்டாண்டு நிறையாத குழந்தை விரதம் ஏற்கும் தகுதி உடையதன்று என்பது ஜைன நூல்களின் பொதுவான கொள்கை. விரதம் என்பது அறிந்து, தெரிந்து, தானாக ஏற்பது. அறியாத குழந்தையின்மேல் ஏற்றப்படும் பட்டினி விரதமாகாது. அதனால் அக்குழந்தைக்குப் புண்ணியமும் இல்லை. பாட்டியின் நோன்பு பாட்டியுடையது. அதனை அவர் குறைவின்றிக் காக்கட்டும். குழந்தை ஐந்தரைக்கோ ஆறுக்கோ உண்பதாலும், இரவில் பசித்து அழும்போது ஒரு குவளை பால் குடிப்பதாலும் பாட்டியின் நோன்புக்கு ஊறு வாராது.

நடைமுறையில் இது எளிதே. பள்ளிவிட்டு வந்ததும் பிஸ்கட்டும் பாலும் கொடுத்துப் பசியை அடக்கிவிட்டுப் பின் ஐந்தரைக்கு உண்ணச் சொன்னால் குழந்தை இரண்டு கவளத்தோடு எழுந்துவிடும். பருப்புச் சோறு, நெய், காய், தயிர் என்னும் முழு உணவே பள்ளிவிட்டு வந்தபின் முதலில் வரட்டும். மெல்லச் செரிக்கும் கம்பஞ்சோறும் பருப்பும் வெள்ளைச் சோற்றைவிட நீண்டநேரம் தாங்கும். காலையில் இரண்டு நாழிகைக் கணக்கைக் குழந்தைக்குப் பார்க்க வேண்டாம். வண்டி வருவதற்கு அரைமணி முன்னதாக, வீட்டிலேயே, உட்காரவைத்து ஊட்டியோ உண்ணவிட்டோ அனுப்ப வேண்டும். காலைப்பசி எடுக்காத குழந்தைக்கு இட்லி இறங்காது. சத்துமாவுக் கஞ்சியோ வாழைப்பழமும் பாலுமோ இறங்கும். மே மாதத்திலேயே இந்த வழக்கத்தைத் தொடங்கினால் ஜூனில் போராட்டம் இராது.

அட்டமி, சதுர்த்தசி நாள்களிலும் பர்வ நாள்களிலும் தாத்தாவைப் பார்த்துத் தானும் நோன்பிருக்கப் போவதாகச் சில குழந்தைகள் அடம்பிடிப்பது உண்டு. அது அழகிய காட்சிதான். அதனைப் புகழ்ந்து பட்டினி போட்டுவிடலாகாது. விருப்பமான ஒரு விளையாட்டுப் பொருளையோ கைப்பேசிப் படத்தையோ அன்று ஒருநாள் விட்டுவிடச் சொல்லலாம். விடுதல் என்றால் என்ன என்று அதற்கும் விளங்கும், வயிறும் நிறைந்திருக்கும்.

இதே வரிசையில் சேர்த்துச் சொல்லவேண்டியது இரவு மருந்து. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை இரவு ஆகிவிட்டது என்று தள்ளிவைப்பதும், மூச்சிரைப்புக்கு உரிய மருந்தை விடியும்வரை தராமல் இருப்பதும் ஆங்காங்கே இன்றும் உள்ளன. ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என நான்கு தானங்களுள் ஒன்றாக மருந்தை வைத்துப் போற்றிய சமயம் இது. சிறுபஞ்சமூலம், ஏலாதி என நீதி நூல்களுக்கு மருந்தின் பெயரைச் சூட்டி மகிழ்ந்தவர்கள் சமணப் புலவர்கள். கல்யாணகாரகம் என்னும் வைத்திய நூலை இயற்றிய உக்ராதித்தர், ஊனும் மதுவும் தேனும் சேராமலே நோய் தீர்க்கலாம் என்று நிலைநாட்டினாரேயன்றி, நோயாளிக்கு மருந்தை மறுக்கச் சொல்லவில்லை.

உணவின் அளவைப் போலவே உணவின் வகையும் எண்ணத்தக்கது. கிழங்கு உண்ணாத குழந்தை எப்படி வளரும் என்று இரக்கப்படும் அண்டைவீட்டார் எல்லா ஊரிலும் உண்டு. உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் ஆகியவற்றில் உள்ள எதுவும் வேறிடத்தில் கிடைக்காததன்று. பரங்கிக்காயும் பப்பாளியும் மாம்பழமும் முருங்கைக்கீரையும் கேரட்டின் வேலையைச் செய்துவிடும். கவலைப்பட வேண்டியவை கிழங்குகள் அல்ல. இரும்பும் பி-12 வைட்டமினுமே.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 விழுக்காட்டினர்க்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் 57 விழுக்காடு. உண்போர், உண்ணாதோர் எல்லாரும் சேர்ந்த கணக்கு இது; ஆகவே புலாலுண்ணாமையின்மேல் பழிபோட இடமில்லை. ஆயினும் தானியத்திலும் பயற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பைக் குடல் எளிதில் ஏற்பதில்லை என்பது உண்மை. புளிப்புச் சேர்ந்தால் ஏற்கும். பருப்பில் பிழிந்த எலுமிச்சை, உணவோடு ஒரு துண்டு நெல்லிக்காய், பின்னர் ஓர் ஆரஞ்சுச் சுளை என இவ்வளவே தேவை. கேழ்வரகு சுண்ணாம்புச் சத்துக்குச் சிறந்தது. இரும்புக்குக் கம்பு அதனைவிட மேல். உணவோடு தேநீர் தருவது இரும்பைத் தடுக்கும். நான்கு வயதுக் குழந்தைக்குத் தேநீர் எதற்கு என்பது தனிக்கேள்வி.

சமண இல்லங்களில் நேரும் பெரும்பிழை பாலில் இருக்கிறது. புலால் இல்லை, முட்டை இல்லை, ஆகவே பாலாவது நிறையக் குடிக்கட்டும் என்னும் அன்பினால் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் வரை ஊற்றிவிடுகின்றனர். பாலில் இரும்பு மிகக் குறைவு. வயிற்றை நிரப்பிச் சோற்றைத் தள்ளிவிடும். பிற உணவின் இரும்பையும் ஏற்கவிடாது. கொழுகொழுவென்று வெளுத்துத் தோன்றும் 'பால் குழந்தை' பலவேளைகளில் இரத்தசோகைக் குழந்தையே. நாளுக்கு 400 முதல் 500 மில்லிலிட்டர் போதும், தயிரும் மோரும் அதில் அடக்கம். ஆனால் பாலை அறவே நிறுத்துவதும் தவறு. பி-12 வைட்டமின் செடிகொடிகளில் கிடைப்பதில்லை. புலாலும் முட்டையும் விலக்கியவர்க்குப் பாலும் தயிரும் மோருமே அதன் இயற்கை ஊற்று. வெளுத்த முகம், வழவழப்பான நாக்கு, விரல் முட்டிகளில் கருமை, ஓடியாடாமல் உட்கார்ந்திருத்தல் ஆகியவை தென்பட்டால் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். பள்ளி சேரும் முன் ஒருமுறை ஹீமோகுளோபின் பார்ப்பது எல்லாக் குழந்தைக்கும் நன்று. இந்த வயதில் 11 கிராமுக்குக் குறைந்தால் அது சோகை. அரசுத் திட்டத்தில் ஐந்து வயது வரை வாரம் இருமுறை ஒரு மில்லிலிட்டர் வீதம் இரும்புச்சத்து மருந்து தரப்படுகிறது. மலம் கறுப்பதைக் கண்டு அஞ்சி நிறுத்த வேண்டாம், அது இயல்பே. பி-12 மருந்து நுண்ணுயிர் நொதித்தலால் ஆக்கப்படுவது. அதில் ஊன் இல்லை. மாத்திரைக்கூடுகள் சிலவற்றில் விலங்கின் எலும்புகளிலிருந்தும் தோலிலிருந்தும் எடுத்த ஜெலட்டின் உண்டு. எனவே சொட்டு மருந்தாகவோ பாகாகவோ தருமாறு மருத்துவரைக் கேட்டால் எழுதித் தருவார்.

குடற்புழு மருந்தைப் பற்றிச் சில மூத்தோர் மனத்தில் ஒரு தயக்கம் உண்டு. வெளிப்படையாகச் சொல்லார், பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய நாள்களையொட்டிப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் மாத்திரை தரும்போது 'இவனுக்கு வேண்டாம்' என்று மட்டும் சொல்வர். புழுவும் உயிரல்லவா என்பதே உள்ளே இருக்கும் எண்ணம். அந்த எண்ணத்தை எள்ளி நகையாடுதல் தகாது. ஓரறிவுயிர்க்கும் இரங்கும் மரபிலிருந்து அது பிறக்கிறது. ஆனால் அம்மரபே இதற்கு விடையும் சொல்லியிருக்கிறது. கொல்லவேண்டும் என்னும் கருத்தோடு செய்வது சங்கல்ப ஹிம்சை. இல்லற வேலையில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. தொழிலில் நேர்வது உத்தியோக ஹிம்சை. தற்காப்பில் நேர்வது விரோத ஹிம்சை. அணுவிரதியாகிய இல்லறத்தான் முற்றத் துறப்பது முதலாவதை மட்டுமே. குருதி உறிஞ்சும் கொக்கிப்புழுவினின்று குழந்தையைக் காப்பது கொலைவேட்கையன்று. மேலும் ஒன்று: புழு உள்ளே புகாமல் தடுத்தால் கொல்லவேண்டிய தேவையே எழாது. காலில் செருப்பு, வெட்டிய நகம், கழிப்பறைக்குப் பின்னும் உண்ணுமுன்னும் சோப்பிட்ட கை ஆகியவையே அகிம்சைக்கு நேர்வழி. இவற்றைச் செய்யாமல் மாத்திரையை மட்டும் மறுப்பது, புழுவுக்கும் இரங்கியதாகாது, பிள்ளைக்கும் இரங்கியதாகாது. பேனுக்கும் இதுவே முறை. மழலையர் வகுப்பில் தலைகள் உரசிக்கொள்வதால் பேன் வருவது எவர் குற்றமும் அன்று. வாரம் இருமுறை ஈரத்தலையில் நெருங்கிய பற்களையுடைய சீப்பால் வாரிப் பார்த்தால் பெருகும் முன்பே தெரிந்துவிடும்.

நீரை வடிகட்டியும் காய்ச்சியும் குடிக்கும் வழக்கம் சமண இல்லத்தின் செல்வம். துணியில் வடிகட்டுவது கண்ணுக்குத் தெரியும் உயிர்களை விலக்கும். நோய்க்கிருமியை நீக்குவது காய்ச்சுதலே. இரண்டையும் சேர்த்துச் செய்தவர் முன்னோர். அந்நீரை ஊற்றி அனுப்பும் புட்டியின் உறிஞ்சுகுழலுக்குள் கறுத்த பாசி படிந்திருந்தால் காய்ச்சியதன் பயன் ஏது? குழல் இல்லாத, கை நுழையும் அளவு வாய் அகன்ற, எவர்சில்வர் புட்டி நல்லது.

பள்ளியில் தண்ணீர் குடியாமலே வீடு திரும்பும் குழந்தைகள் பலர். கழிப்பறைக்குப் போக அஞ்சுவதே காரணம். சிறுநீரை நாள்முழுதும் அடக்குவதால், குறிப்பாகப் பெண் குழந்தைகளுக்கு, சிறுநீர்த் தொற்றும் பின்னர் மலச்சிக்கலும் வரும். 'ஒன்றுக்குப் போகவேண்டும்' என்று புதிய ஆசிரியையிடம் உரக்கச் சொல்லக் குழந்தைக்குத் தெரிய வேண்டும். கால்சட்டையைத் தானே இறக்கவும் ஏற்றவும் வேண்டும். பொத்தானும் கொக்கியும் உள்ள அழகிய உடை இந்த வயதுக்குப் பகை. இடுப்பில் ரப்பர் வைத்ததே உகந்தது. பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவும் முறையைத் தாய் கற்பிக்க வேண்டும். உடலின் எந்தப் பகுதியைத் தாயும் மருத்துவரும் தவிரப் பிறர் தொடலாகாது என்பதையும் அதே வேளையில், அச்சுறுத்தாமல், சொல்லிவைக்கலாம்.

மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேர உறக்கம் வேண்டும். ஆறரைக்கு எழவேண்டிய குழந்தை எட்டரைக்குள் படுக்க வேண்டும். விளக்கை அணைத்துக் கைப்பேசியை வேறு அறையில் வைத்தாலொழிய அது நடவாது.

சேர்ந்த முதல் ஆண்டில் சளியும் காய்ச்சலும் மாறி மாறி வரும். ஓராண்டில் ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இந்த வயதில் இயல்பே. எதிர்ப்பாற்றல் இல்லை என்று கலங்கி விளம்பரப் பொடிகளை வாங்க வேண்டியதில்லை. காலையில் பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மறைத்து அனுப்புவது தன் குழந்தைக்கும் பிற குழந்தைகளுக்கும் இழைக்கும் தீங்கு. மருந்தின்றி ஒரு முழுநாள் காய்ச்சல் இல்லாதிருந்த பின்னரே அனுப்ப வேண்டும். சின்னம்மைக்குக் கொப்புளமெல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை வீடு. நான்கு வயதுக்குட்பட்டோர்க்குக் கடையில் கேட்டு வாங்கும் சளி இருமல் கூட்டு மருந்துகள் கூடவே கூடாது. காய்ச்சலோ வாந்தியோ கண்ட நாள்களில், முன்னர்க் கூறிய நெடிய இரவுப் பட்டினி இன்னும் ஆபத்தானது. அந்நாள்களில் கஞ்சியையும் உப்புச் சர்க்கரைக் கரைசலையும் இரவென்று பாராமல் சிறிது சிறிதாகத் தர வேண்டும்.

இறுதியாக, பிறந்தநாள் கேக். வகுப்பில் மாதம் இருமுறையாவது அது வரும்; பெரும்பாலும் முட்டை கலந்தது. ஜெல்லி மிட்டாயும் வரும். அதில் ஜெலட்டின் இருக்கக்கூடும். 'முட்டை சாப்பிட்டால் பாவம், சாமி கண்ணைக் குத்தும்' என்று மிரட்டி அனுப்பப்பட்ட குழந்தை, அறியாமல் ஒரு துண்டைத் தின்றுவிட்டுப் பின் உண்மை தெரிந்ததும் எதைக் கண்டாலும் அஞ்சும், உணவு டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவரும். முட்டை செய்யாத தீங்கை அச்சம் செய்துவிடும். அறியாமல் உண்ட குழந்தைமேல் குற்றம் இல்லை. கடிந்துரைக்கவும் வாந்தி எடுக்கவைக்கவும் ஒன்றுமில்லை. 'எங்கள் வீட்டில் இது சாப்பிடுவதில்லை, நன்றி' என்று சொல்லப் பழக்கி, மாற்றாக வகுப்பில் வைத்திருக்கக் கடலைமிட்டாயோ உலர்திராட்சையோ ஒரு சிறு டப்பாவில் ஆசிரியையிடம் கொடுத்து வைத்தால் விழா நாளில் குழந்தை தனித்து நிற்காது.

அந்த டப்பாவோடு ஆசிரியைக்கு ஒரு தாளும் கொடுக்கலாம். குழந்தை உண்ணாதவை, ஒவ்வாதவை, முன்னர்க் காய்ச்சலில் வலிப்போ மூச்சிரைப்போ வந்திருந்தால் அது, அதற்குரிய மருந்து, காலையில் உண்டு வந்திராவிட்டால் உடனே ஏதேனும் உண்ணத் தரவேண்டும் என்னும் வேண்டுகோள், அழைத்தால் கால்மணி நேரத்தில் வந்துசேரக்கூடிய இருவரின் தொலைபேசி எண்கள். அந்த இருவருள் ஒருவர் பாட்டியாக இருப்பின் மிக நன்று.